வெள்ளிக்கிழமை, மஞ்சள் ஜாக்கெட்

பள்ளியின் பின்கதவுக்கு மூன்று சாவிகள்.
மூன்றாவதுதான் திறக்கும், அதையும்
லேசாகத் தூக்கித் திருப்ப வேண்டும்.
உள்ளே ஆணிகளில் பதினொரு மஞ்சள் ஜாக்கெட்டுகள்.
என் கைக்கு எப்போதும் வருவது
ஜிப் பாதியில் நின்றுவிடுகிற ஒன்று.

முதல் வாரம், வருகை நோட்டில்
'மிர்சாதா, பல் கட்டுபவள்' என்று எழுதினேன்.
தொழிலை யார் கேட்டது என்று பிர்க்கோ சிரித்தாள்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
பகலெல்லாம் பிறர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
வீட்டில் ஒரு வாய்
ஆறு மாதமாய்த் திறப்பதில்லை.

விதிகளைக் கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள்.
மூவராய் நட. ஓடாதே.
யாரையும் பிடிக்காதே, யாரையும் திருத்தாதே.
கண்ணில் படு. அவ்வளவுதான் வேலை.
காவலென்று நினைத்து வந்த எனக்குக்
கொஞ்சம் ஏமாற்றம்தான்.
தெருவிளக்கும் அதைத்தானே செய்கிறது,
சம்பளமோ காலுறையோ இல்லாமல்.

கோதன்பர்க்கின் நவம்பர் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கத்திலிருந்து வருகிறது,
கடன்காரன் போல.
ட்ராம் நிறுத்தத்தில் ஒரு பெண், ஒற்றைச் செருப்போடு
குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொண்டு வாந்தியெடுத்தாள்.
பிர்க்கோ அவள் முடியைப் பிடித்தாள்,
நான் அவளுடைய அக்காவுக்குப் போன் செய்தேன்,
தோர்பியோர்ன் இன்னொரு செருப்பைத் தேடிப் போனான்.
பூட்டுக்கடை வைத்திருப்பவன் அவன்.
திக்கித் திக்கித்தான் பேசுவான்,
அதனால் யாரையும் அதட்ட வராது.

பன்னிரண்டு இருபதுக்குச் சுரங்கப்பாதை.
ஏழெட்டுப் பையன்கள், ஒரு ஸ்பீக்கர்,
சுவரோரம் ஏதோ உடைந்த கண்ணாடி.
அந்தப் பச்சைத் தொப்பியை எனக்குத் தெரியும்.
இடது காதுப் பக்கம் நூல் பிரிந்திருக்கும்,
தைத்துத் தருகிறேன் என்று மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

என் கால் தானாக முன்னே போனது.
தோர்பியோர்ன் கையை நீட்டினான், தொடாமல்.
"வே... வேண்டாம். இன்னிக்கு ராத்திரி அவன்
ஊ... ஊரார் பிள்ளை."

கதவில் ஒட்டாத விதி அது.

தூணுக்குப் பின்னால் நின்றேன்.
மஞ்சள் ஜாக்கெட்டில் மறைந்து நிற்பது
எவ்வளவு முட்டாள்தனம் என்று
அப்போது தோன்றவில்லை.
தோர்பியோர்ன் போய் சூயிங்கம் நீட்டினான்.
ஒருவன் அவன் திக்குவதைத் திக்கிக் காட்டினான்.
சிரிப்பு. எனக்கு உள்ளே எதுவோ கடைவாயில் அரைபட்டது.
பிறகு நெடிமின் குரல் கேட்டது,
"டேய், விடு."

இரண்டு சொல்.
கடைசியாக எனக்குச் சொன்னது அதைவிடக் குறைவு.

தோர்பியோர்ன் பையிலிருந்து கைச்சூட்டுப் பை ஒன்றை எடுத்து
உள்ளேயிருக்கும் தகட்டை எப்படி மடக்குவதென்று காட்டினான்.
தெளிந்த நீர்மம் வெண்மையாய் இறுகிச் சுடுவதை
என் மகன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்,
குளிப்பாட்டிய பின் துண்டுக்குள்
ஒடுங்கிய அதே தோள்களோடு.
நான் அழவில்லை. மழை இருந்தது.
பிர்க்கோ பிளாஸ்கைத் திறந்து என்னிடம் தந்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றரைக்கு வீடு.
வாசலில் அவனுடைய ஷூ, எனக்கு முன்னால் வந்து
ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.
ஹீட்டர் மேல் அந்தப் பை, ஆறி, கல்லாய் இறுகி.
கொதிநீரில் போட்டால் மறுபடி இளகும்.
சின்னப் பாத்திரத்தை அடுப்பில் வைத்து
அது வெண்மை விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.

கதவோரம் ஒரு குரல்:
"அந்தப் பூட்டுக்காரர்
எப்பவும் அப்படித்தான் திக்குவாரா?"

திரும்பவில்லை நான். திரும்பினால் போய்விடுவான்.
"மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகம்" என்றேன்.

"தூண் ரொம்ப ஒல்லி, அம்மா."